கடலோரப் பட்டறை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஊர் இளைஞர்கள் சேர்ந்து பயன்படுத்த மேக்கர்ஸ்பேஸ் என்கிற பொதுப் பட்டறை தொடங்குகிறோம். கடலைப் பார்த்த அறை ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் லேசர் கட்டரா, த்ரீடி பிரிண்டரா? (வாசகர், மண்டபம்)

பதில்: இரண்டும் அப்புறம். முதல் செலவு வயரிங்குக்கு: ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). கடல் பக்கத்து ஜன்னலை அடைத்துவிடுங்கள். பிறகு பென்ச் வைஸ், பில்லர் டிரில், நாலங்குல கிரைண்டர், 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் செட், சோல்டரிங் அயன், மல்டிமீட்டர். ஊரில் வருகிற வேலைகளுக்கு இவையே பெரும்பாலும் போதும். பின்னால் பிரிண்டர் வாங்கினால் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரும்புத்தூள் பிரிண்டரின் சர்க்யூட் போர்டில் படிந்தால் ஷார்ட்தான்.

பலரும் கிரைண்டருக்குப் பயப்படுவார்கள், பில்லர் டிரில்லை அலட்சியம் செய்வார்கள். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துத் துளையிட்டால், பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். அடியில் மரத்துண்டு வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். துணிக் கையுறை, தோள் துண்டு, துப்பட்டா எதுவும் அதன் கிட்டே வரக்கூடாது.

கேள்வி: த்ரீடி பிரிண்டர் ஓடும்போது, பிளாஸ்டிக் உருகி வெளிவரும் நாசிலில் படபடவென்று சத்தம்; பொருள் நூல் நூலாக வருகிறது. நன்றாக வந்த ஒரு சுவிட்ச் மூடியும் படகில் மாட்டிய பிறகு வெயிலில் வளைந்துவிட்டது. (வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறு. சத்தத்துக்குக் காரணம் ஃபிலமென்ட் (பிரிண்டருக்குள் போகும் பிளாஸ்டிக் இழை) உறிஞ்சிய ஈரம். 200 டிகிரிச் சூட்டில் இருக்கும் நாசிலுக்குள் அது ஆவியாகி வெடிக்கிறது. பிஎல்ஏ வகை இழையை 45–50 டிகிரியில், பிஇடிஜி வகையை 65 டிகிரியில், 6 மணி நேரம் டிரையரில் உலர்த்துங்கள். சமையலறை ஓவன் வேண்டாம். சூடு எகிறிச் சுருளே உருகி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த சுருளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நம் கரையில் வெளியே தொங்கவிட்ட சுருள் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

வளைந்ததற்குக் காரணம் பிஎல்ஏ. அது 55–60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் கிடக்கும் கறுப்பு மூடி அந்தச் சூட்டை எட்டிவிடும். வெள்ளை நிறத்தில் பிஇடிஜி போடுங்கள். ஏஎஸ்ஏ என்ற இன்னொரு வகை இழை இன்னும் நல்லது, வெயிலால் நொறுங்காது. ஆனால் மூடிய பிரிண்டரும், புகையை வெளியேற்ற ஃபேனும் வேண்டும். பிரிண்டர் அமைப்பில் வெளிச்சுவர் 4 அடுக்கு, உள்ளே 40 சதவீத நிரப்பு; மாட்டும் திருகு உப்புக்காற்றைத் தாங்கும் எஸ்எஸ் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். டீசல் லைனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் மட்டும் அச்சடித்த பாகம் போடவே போடாதீர்கள்.

கேள்வி: பிவிசி ஷீட்டை லேசரில் வெட்டலாமா? (வாசகர், கீழக்கரை)

பதில்: கூடாது. வெளிவரும் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால், திறந்தவெளியில் செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கலாம், வெட்டாதீர்கள்.

கேள்வி: கற்றுக்கொடுக்க யாரைக் கூப்பிடுவது, எப்போது? (வாசகர், தொண்டி)

பதில்: எஞ்சின் மெக்கானிக்கையும் வெல்டரையும் கூப்பிடுங்கள், கூலி கொடுத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்கு நேரம் இருக்கும். ஆனால் படகுகள் பழுதுபார்ப்புக்குக் கரையேறுவதால் மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் வகுப்பை பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். முதல் நாளிலிருந்தே கருவி கற்பவர் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டு. யார் தேறினார் என்று கற்றுக்கொடுத்த மேஸ்திரி அதில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாதவருக்கு சுவிட்ச் பெட்டிச் சாவி கிடையாது, சங்கத் தலைவர் மகனாக இருந்தாலும்.