டாலரன்ஸ் எங்கே இறுக்கணும், எங்கே விடணும்: கேள்வி பதில்

கேள்வி: சார், 25 மி.மீ ஷாஃப்ட். விட்டம், நீளம் எல்லாத்துக்கும் டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம்) ±0.01 மி.மீ போட்டிருக்காங்க. கொட்டேஷன் எகிறுது. எதைத் தளர்த்தலாம்?

பதில்: பேரிங் உட்காரும் இடம் தவிர மற்ற எல்லாத்தையும். அந்த இடத்துக்கு ±0.01 காசும் தின்னும், வேலையும் கெடுக்கும். உள்வளையம் சுற்றுகிற பேரிங்குக்கு வழக்கமா கே6 என்ற ஃபிட், அதாவது 25-க்கு மேல் +2 முதல் +15 மைக்ரான் (மி.மீ-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. உங்க டிராயிங்படி 24.990-ல் வரும் ஷாஃப்ட்டும் பாஸ். அதில் பேரிங் லூஸா உட்கார்ந்து, உள்வளையம் நழுவி, ஷாஃப்ட்டைத் தேய்க்கும். அங்கே கே6 போட்டு கிரைண்டிங்குக்கு அனுப்புங்க. வேறு பாகம் பொருந்துகிற மற்ற விட்டங்களுக்கு 8 அல்லது 9-ஆம் டாலரன்ஸ் கிரேடு (மொத்த அகலம் 33, 52 மைக்ரான்) போதும், சிஎன்சி லேத்திலேயே முடியும். எதோடும் பொருந்தாத அளவுகளுக்கு பொது டாலரன்ஸ் தரமான ஐஎஸ்ஓ 2768-இன் நடுத்தர வகுப்பு 'எம்': 6 மி.மீ-க்கு மேல் 30 வரை ±0.2, அதற்கு மேல் 120 வரை ±0.3. விலை ஏறுவது பெரும்பாலும் இன்னொரு மெஷினில் ஏற்ற வேண்டியிருப்பதால்தான். அந்த ஏற்றத்தைத் தவிர்க்காத தளர்வு பெரிசா எதையும் மிச்சப்படுத்தாது.

கேள்வி: நாலு ஸ்பேசர் (இடைவெளி வளையம்) அடுக்கினால் மொத்தம் ±0.2-க்குள் வரணும். ஒவ்வொன்றுக்கும் ±0.05 தானே?

பதில்: மோசமான நிலையை வைத்துக் கணக்கிட்டால் ஆமா. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் முறையில் ±0.1 வரை விடலாம், ஏன்னா நாலும் ஒரே நேரத்தில் ஒரே ஓரத்தில் இருப்பது அபூர்வம். ஆனா உங்களுடையது நாலும் ஒரே பாகம், ஒரே பேட்ச். வெட்டும் இன்சர்ட் முனை தேய்ந்து சராசரி 0.04 நகர்ந்தா நாலும் சேர்ந்தே நகரும், அடுக்கு 0.16 போயிடும். அதோட, சின்னதாப் போனா ஸ்கிராப், பெரிசா இருந்தா திரும்ப வெட்டலாம்னு ஆபரேட்டர் மேல் பக்கமே வைப்பார். அதனால ±0.1 கொடுக்கும் முன் 30 பீஸாவது அளந்து, சராசரி நடுவில் நிற்குதான்னு பாருங்க. நிற்கலைன்னா ±0.05-லயே இருங்க, இல்லைன்னா மூணு ஸ்பேசரைத் தளர்த்தி, கடைசி இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) வைங்க.

கேள்வி: 25 எச்6 ஷாஃப்ட், ஜிங்க் பிளேட்டிங்குக்கு முன்னாடி சரி, பின்னாடி நுழையல.

பதில்: 8 மைக்ரான் பூச்சு இரண்டு பக்கமும் ஏறி விட்டம் 16 மைக்ரான் கூடும். எச்6-இன் (25-லிருந்து கீழே 13 மைக்ரான் வரை) மொத்த அகலமே 13. பூச்சு 8-லிருந்து 12 வரை மாறினா விட்டத்தில் 8 மைக்ரான் அதுக்கே போயிடும், கிரைண்டருக்கு மிஞ்சுவது 5. அந்த இடத்தை மாஸ்க் பண்ணச் சொல்வதுதான் மலிவு. மறைக்க முடியலைன்னா ஃபிட்டைத் தளர்த்தி, 'அளவு பிளேட்டிங்குக்குப் பின்' என்று டிராயிங்கில் எழுதுங்க.

கேள்வி: 100 மி.மீ அலுமினிய பாகம் எங்க ஷாப்பில் பாஸ், வாங்குறவர் ஏசி ரூமில் ரிஜெக்ட்.

பதில்: அளவு 20 டிகிரிக்கானது. 35 டிகிரியில் அலுமினியம் சுமார் 0.035 நீளும், ஸ்டீல் மைக்ரோமீட்டர் அதில் பாதிதான் நீளும். மிச்சம் 0.017 உங்க அளவில் கூடுதலாத் தெரியும், குளிர்ந்ததும் பாகம் சின்னதாகிடும்.