முன்பதிவுக்கு ஏன் இத்தனை அவசரம்?

கேள்வி: கல்லூரி மாணவனான நான், புதிய வீடியோ கேமின் ட்ரெய்லரைப் பார்த்த உடனேயே முன்பதிவு செய்துவிடுகிறேன். கேம் வந்தபின் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஆண்டுக்கணக்கில் மூடி மறைத்துவிட்டு, பிறகு தமுக்கடித்து விற்கும் நிறுவனங்களை நம்பலாமா?

பதில்: மறைப்பதையே குற்றமாகக் கருதாதீர்கள், எந்தக் கட்டத்தில் மறைக்கிறார்கள் என்று பாருங்கள். உருவாகிக்கொண்டிருக்கும் கேம் எந்த நேரமும் மாறக்கூடியது. 'மெட்ராய்டு பிரைம் 4' கேமை நிண்டெண்டோ நிறுவனம் 2017-இல் பெயரை மட்டும் காட்டி அறிவித்தது. 2019 ஜனவரியில், எதிர்பார்த்த தரம் வரவில்லை என்று கூறி, வேலையை முதலிலிருந்து தொடங்கியது. கேம் வெளிவந்ததோ 2025 டிசம்பரில்தான். அந்த அறிவிப்பைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. மாறாக, 'ஹை-ஃபை ரஷ்' என்ற கேம் 2023 ஜனவரி 25 அன்று அறிவிக்கப்பட்டு, அன்றே விற்பனைக்கும் வந்து, நல்ல பெயரும் வாங்கியது.

நீங்கள் அஞ்ச வேண்டியது, பணம் வாங்கும் வேளையில் நடக்கும் மறைப்புக்கே. 2012-இல் அறிவிக்கப்பட்ட 'சைபர்பங்க் 2077', நடிகர் கீயானு ரீவ்ஸை 2019-இல் மேடையேற்றிப் பெரும் ஆரவாரம் கிளப்பி, பலமுறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது; தாங்கள் விளையாடிப் பதிவுசெய்த காட்சிகளை முதல் விமர்சனங்களில் காட்டவும் அவர்களுக்கு அனுமதியில்லை. ஆகவே, சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4-இல் அது எப்படித் திக்கித் திணறி ஓடும் என்பதைக் காசு கொடுத்தவர்களே முதலில் கண்டார்கள். ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. கேம் கடைக்குத் திரும்ப அடுத்த ஆண்டு ஜூன் ஆயிற்று. பிற்பாடு அது நன்கு செப்பனிடப்பட்டது என்பது வேறு கதை.

குறுந்தகடு தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்த காலத்தில் முன்பதிவுக்குப் பொருள் இருந்தது. தரவிறக்கம் செய்யும் கேம் தீர்ந்துபோவதில்லை. முன்பதிவுக்குத் தரும் கூடுதல் உடைகளும் ஆயுதங்களும் உங்கள் அவசரத்துக்கு வைக்கும் தூண்டில், அவ்வளவே. எனவே, உங்களிடம் உள்ள அதே கருவியில் கேம் ஓடும் காட்சியை, நிறுவனத்தைச் சாராத ஒருவர் காட்டும்வரை பொறுத்திருங்கள். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஏற்கெனவே முன்பதிவு செய்திருந்தால், வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வெளிவந்த பிறகென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் மட்டுமே விளையாடியிருக்க வேண்டும், பதினான்கு நாட்களுக்குள் கேட்க வேண்டும்.