நோ கிளெய்ம் போனஸ்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை
(நுகர்வோர் கேள்வி-பதில்)

கார் காப்பீட்டில் கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) என்ற தள்ளுபடியைப் பற்றியே இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. ஊரின் பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: எங்கள் கார் எட்டு ஆண்டு பழையது. ஒரு விபத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாகக் கிளெய்ம் எதுவும் இல்லை. 25 சதவீதத் தள்ளுபடி உண்டு என்கிறார்கள். ஆனால் கட்டும் தொகை கால் பங்கு குறையவில்லையே, ஏமாற்றுகிறார்களா? (மதுரை)

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை, ஆனாலும் நீங்கள் கேட்டது சரிதான். இந்தத் தள்ளுபடி உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டுமே உரியது. உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அது தொடாது. உங்கள் காரின் எஞ்சின் 1000 முதல் 1500 சி.சி.க்குள் இருக்கிறது என்றும், ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் கழித்தால் 7,500. அதனுடன் தேர்டு பார்ட்டிக்கு 3,416 ரூபாய் சேர்ந்து 10,916 ஆகிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 12,881 ரூபாய். தள்ளுபடியே இல்லாதிருந்தால் 15,831 ரூபாய் கட்டியிருப்பீர்கள். ஆக, உங்களுக்கு மிஞ்சுவது 2,950 ரூபாய், அதாவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

சரிபார்க்கும் வழி இதுதான். இப்போது கையில் இருக்கும் பாலிசியில் பிரீமியக் கணக்குப் பட்டியலைத் திறந்து, ஓன் டேமேஜ் பகுதியில் என்.சி.பி. என்று கழிக்கப்பட்டிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். அது முந்தைய ஆண்டுகளில் நீங்கள் ஈட்டியது. நடப்பு ஆண்டும் கிளெய்ம் இன்றி முடிந்தால் அடுத்த படிக்கு ஏற வேண்டும். படிகள் 20, 25, 35, 45, 50 என்பவை. 50க்கு மேல் ஏறாது. இந்த ஆண்டுப் பாலிசியில் 20 என்று அச்சாகியிருந்தால் புதுப்பிக்கும்போது 25 இருந்தாக வேண்டும். இல்லையென்றால், பணம் கட்டும் முன்பே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஐ.டி.வி. எனப்படும் காரின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துவிட்டு, "பிரீமியம் குறைந்துவிட்டது பாருங்கள்" என்று காட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். ஒரே ஐ.டி.வி.யில் வாங்கிய இரண்டு விலைகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: வேளச்சேரியில் மழை நீரில் கார் மூழ்கியது. கிளெய்ம் கிடைத்தது. இது இயற்கைப் பேரிடர்தானே, போனஸ் போகாது அல்லவா? (சென்னை)

பதில்: போய்விடும். யார் குற்றம் என்று விதி கேட்பதில்லை. ஓன் டேமேஜ் பிரிவில் பணம் வாங்கினீர்களா என்பதை மட்டுமே கேட்கிறது. மழை எச்சரிக்கை வந்ததும் உங்கள் பகுதி மக்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துவதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் காரைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் பக்கம்.

கேள்வி: அபார்ட்மென்ட் தூணில் இடித்து பின்பக்க பம்பர் நெளிந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் 6,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். "இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம் சார்" என்று அவர்களே சொல்கிறார்கள். எனக்கு 50 சதவீதப் போனஸ் உள்ளது. போடலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: போடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு அந்த வேலை எப்படியும் வருமானம்தான். உங்கள் போனஸ் போவதால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூட நட்டமில்லை.

கணக்கைப் பாருங்கள். 1500 சி.சி. வரையுள்ள காரானால் கட்டாயப் பிடித்தமாக 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால், தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்புச் சேர்க்கை உங்களிடம் இல்லையென்றால் பாகத்தின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள். அந்தச் சேர்க்கை இருந்தாலும் அதிகபட்சம் 5,500 ரூபாய்தான் வரும். இழப்பது என்ன? அடுத்த ஆண்டு உங்கள் தள்ளுபடி 50லிருந்து 35க்கோ 45க்கோ இறங்குவதில்லை, நேராகப் பூஜ்யத்துக்கு விழுகிறது. அதன் பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாக மறுபடி ஏற வேண்டும். ஆகவே முதல் ஆண்டில் 50 சதவீதமும், அடுத்த ஆண்டுகளில் முறையே 30, 25, 15, 5 சதவீதமும் இழக்கிறீர்கள். கூட்டினால் ஓர் ஆண்டு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். அந்தப் பிரீமியம் 9,000 ரூபாய் என்றால் இழப்பு 11,250 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மையான தொகை இதைவிடச் சற்றுக் குறையலாம், ஆனால் 5,500க்கு இறங்காது.

கிளெய்ம் செய்தாலும் போனஸைக் காக்கும் தனிச் சேர்க்கையை நீங்கள் முன்பே வாங்கியிருந்தால் விடை மாறும். எத்தனை கிளெய்ம் வரை அது காக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், பாலிசி வாசகத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டருக்கு ஐந்து ஆண்டுப் போனஸ் சேர்ந்திருக்கிறது. புதிதாக வாங்கும் காருக்கு மாற்றலாமா? (சேலம்)

பதில்: முடியாது. காரில் ஈட்டியது காருக்கு, இருசக்கர வாகனத்தில் ஈட்டியது இருசக்கர வாகனத்துக்கு.

கேள்வி: சென்ற ஆண்டு சிறிய விபத்துக்கு 18,000 ரூபாய் கிளெய்ம் வாங்கினேன். பிறகு ஒரு ஏஜென்ட் குறைந்த பிரீமியத்தில் வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தந்தார். இப்போது லாரி மோதி காருக்குப் பெரிய சேதம். நான் 35 சதவீதப் போனஸைப் பொய் சொல்லி வாங்கியதாகக் கூறி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தை நிரப்பியது ஏஜென்ட். நான் பார்க்கவே இல்லை. (திருப்பூர்)

பதில்: உங்கள் கடிதம்போல் ஆண்டுதோறும் எனக்கு வருகிறது, ஒவ்வொரு முறையும் ஆத்திரமாக இருக்கிறது. விலையைக் குறைத்துக் காட்டினால்தான் வாடிக்கையாளர் கிடைப்பார் என்பதற்காக, கேட்காமலேயே போனஸ் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிடும் ஏஜென்ட்டுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இணையத்தில் வாங்கினாலும் "சென்ற ஆண்டு கிளெய்ம் செய்தீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்பது முன்கூட்டியே தேர்வாகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படிவத்தின் கீழே இருப்பது உங்கள் உறுதிமொழி. போனஸ் விவரம் தவறென்று தெரியவந்தால் பாலிசியின் முதல் பிரிவில், அதாவது சொந்தக் காரின் சேதத்துக்குக் கிடைக்க வேண்டிய பயன்கள் அனைத்தும் பறிபோகும் என்பது அதன் சாரம். சில ஆயிரம் ரூபாய் குறைந்ததற்காக லட்சக்கணக்கான ரூபாய்க் காப்பை இழக்கிற வாசகம் அது. அதைப் படிக்காமல் கையெழுத்திட வைப்பவரை ஆலோசகர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நிறுவனத்தின் பொறுப்புக்கு வருவோம், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பில் 27ஆம் பொது விதி இதைத் தெளிவாகவே பேசுகிறது. வாடிக்கையாளரின் உறுதிமொழியை நம்பிப் போனஸ் தரும் புதிய நிறுவனம், காப்பு வழங்கிய 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதி அந்தச் சதவீதம் சரிதானா என்று கேட்க வேண்டும். பழைய நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்காவிட்டால் அது புதிய நிறுவனம் செய்த விதிமீறல். பிரீமியம் வாங்கும்போது கேட்க நேரமில்லாத நிறுவனத்துக்கு, பணம் கொடுக்க வேண்டிய நாளில் மட்டும் பழைய கோப்பைத் தேடிப் பிடிக்க எப்படி நேரம் கிடைக்கிறது? பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி இது. ஒரு மின்னஞ்சலில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக ஒரு குடும்பம் பட்டறை வாசலில் நொறுங்கிய காருடன் நிற்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதினார்களா, எழுதியிருந்தால் அதன் நகல் எங்கே என்று கேட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள ஆம்பட்ஸ்மேனை அணுகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் ஆணையத்தின் தீர்ப்புகள் எல்லாம் ஒரே திசையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய் உறுதிமொழியைக் காட்டி மறுத்தது சரியே என்று ஏற்றவையும் உண்டு, நிறுவனம் சரிபார்க்கத் தவறியதைச் சுட்டி, தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கச் சொன்னவையும் உண்டு. ஆகவே முழுத்தொகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், ஒன்றுமே கிடைக்காது என்று விட்டுவிடவும் வேண்டாம். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். முந்தைய கிளெய்மை அவரிடம் சொன்னதற்கு அதில் சான்று இருந்தால் அதுவே உங்கள் பலம்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றே தங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தகுதியில்லாத போனஸ் ஏறியிருந்தால், விபத்து எதுவும் நேரும் முன் நிறுவனத்துக்கு எழுதி, வித்தியாசத் தொகையைக் கட்டி, திருத்தத்தை எண்டார்ஸ்மென்ட்டாக, அதாவது பாலிசியுடன் இணைக்கும் எழுத்துக் குறிப்பாக, வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக் கார் வாங்கியபோது மூன்று ஆண்டு இன்ஷூரன்ஸ் என்றார்கள். இப்போது ஒன்றரை ஆண்டு ஆகிறது. கதவில் அடிபட்டதற்குக் கேட்டால் காப்பே இல்லை என்கிறார்கள். போனஸும் போய்விட்டதாம். இது நியாயமா? (தஞ்சாவூர்)

பதில்: பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கின்றன. பல லட்சம் கொடுத்துக் கார் வாங்கியவர், அந்த ஒரு பக்கத்தையாவது படித்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு மூன்று ஆண்டு கட்டாயமாக இருப்பது தேர்டு பார்ட்டி காப்பு மட்டுமே. ஓன் டேமேஜ் வழக்கமாக ஓராண்டுக்குத்தான் தரப்படுகிறது, அது முடிந்ததும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்திருந்தால் 20 சதவீதம் கிடைத்திருக்கும், நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள். இனிமேல் வாகனத்தை நேரில் ஆய்வு செய்த பிறகே புதிய காப்பு தருவார்கள், கதவின் பழைய அடியை அதில் குறித்தும்விடுவார்கள். கதவைச் சொந்தச் செலவில் சரிசெய்துவிட்டு இந்த வாரமே காப்பை எடுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்குகிறேன். "50 சதவீதப் போனஸோடு வருகிறது" என்கிறார் டீலர். இதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா? (திருச்சி)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போனஸ் காருக்கு உரியதல்ல, அதை ஈட்டிய உரிமையாளருக்கு உரியது. இதே வாக்கியத்தைச் சொல்லி எனக்கும் ஒரு கார் விற்றார்கள். பெயர் மாற்றத்துக்குப் போனபோது, காப்பின் மீதி மாதங்களுக்குப் பழைய உரிமையாளரின் தள்ளுபடியை என்னிடமிருந்து வசூலித்த பிறகே காப்பீட்டு நிறுவனம் பாலிசியில் என் பெயரை ஏற்றியது. டீலர் அதன் பின் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே அந்த வித்தியாசத் தொகையை நிறுவனத்திடம் முன்பே கேட்டு, பேசிய விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கார் கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். தேர்டு பார்ட்டி காப்பு சட்டப்படி தானாகவே உங்களுக்கு வந்துவிடும், ஓன் டேமேஜ் அப்படி வராது. வாகனப் பதிவுச் சான்றான ஆர்.சி. மாறியும் பாலிசி பழைய பெயரிலேயே கிடந்தால், உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவர் காரை இனி நான்தான் ஓட்டுவேன். அவருடைய போனஸ் வீணாகிவிடுமா? (நாகர்கோவில்)

பதில்: வீணாகாது. உரிமையாளர் தனிநபராக இருந்து அவர் இறந்தபின் கார் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் கைக்கு வந்தால், அவருக்கு உரிய போனஸும் அவர்களுக்குச் சேரும். இது நிறுவனம் காட்டும் சலுகை அல்ல, முன்பு சொன்ன அதே 27ஆம் விதியில் உள்ள உரிமை. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்து, அந்த விதியைக் குறிப்பிட்டே எழுதுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கக்கூடும், அங்கே வாய்ப்பேச்சாகக் கிடைத்த மறுப்போடு திரும்பிவிடாதீர்கள். பாலிசி முடிவுத் தேதி நெருங்கியிருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே இதை முடித்துக்கொள்ளப் பாருங்கள்.

கேள்வி: காரை விற்றுவிட்டேன். அடுத்த கார் வாங்க ஓராண்டு ஆகலாம். அதுவரை என் போனஸ் என்ன ஆகும்? (வேலூர்)

பதில்: பெயர் மாறிய ஆர்.சி.யின் நகலையும் விற்பனை ஆவணத்தையும் கொடுத்து, ஈட்டிய போனஸை அடுத்த காருக்காக ஒதுக்கிவைக்கும் போனஸ் ரிசர்விங் கடிதத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் காருக்கு அது செல்லும், வேறு நிறுவனத்தில் காப்பெடுத்தாலும் செல்லும். கடிதத்தில் சதவீதமும் பாலிசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்த காருக்கான ஷோரூமில் பில் போடும் முன்பே அதைக் காட்டுங்கள், பாலிசி அச்சான பிறகு தள்ளுபடியைச் சேர்க்கச் சொல்லிப் போராடுவது வீண் அலைச்சல்.