கேட்டதும் சொன்னதும்: ரோபோக் கணக்கு

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் 12 ரோபோக்கள், போட்டியாளரிடம் 8தான். ரோபோவைக் கையாள்வதில் நாங்களே முன்னணி என்று ஆண்டறிக்கையில் எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள், படிப்பவர்கள் உற்பத்திக் கூடத்துக்குள் எட்டிப் பார்க்காதவரை. நீங்கள் சொல்வது வாங்கிய கணக்கு. நாடுகளையும் இப்படித்தான் வரிசைப்படுத்துகிறார்கள்: 10,000 தொழிலாளர்களுக்கு எத்தனை ரோபோ என்று. சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023இல் தென்கொரியாவில் 1,012. உலகச் சராசரி 162. தென்கொரியாவில் மின்னணு, கார் தொழில்கள் பெரியவை; எண்ணும் பெரிதாகத்தானே இருக்கும்? அவற்றில் எத்தனை சும்மா நிற்கின்றன என்பது அந்தப் பட்டியலில் வராது.

எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் நான் ரோபோவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைத்தான் முதலில் பார்ப்பேன். தட்டில் கோணலாக விழுந்த பாகத்தை நிமிர்த்தி வைப்பார். ரோபோ நழுவவிட்டதைக் குனிந்து பொறுக்குவார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓடிப்போய் மறுபடி இயக்குவார். 'மேற்பார்வையாளர்' என்று அவருக்கு ஒரு பதவிப் பெயரும் உண்டு. அவருடைய நேரத்தைச் செலவில் சேர்க்காத கணக்கை நான் நம்புவதில்லை.

மூன்று எண்களைக் கேளுங்கள். திட்டமிட்ட நேரத்தில் இயந்திரம் எவ்வளவு ஓடியது, முழு வேகத்தில் எவ்வளவு எட்டியது, வந்த பொருளில் எவ்வளவு தேறியது. 80, 80, 90 சதவீதம் என்று தனித்தனியே சொன்னால் காதுக்கு இனிமை. பெருக்கிப் பாருங்கள், 57.6 சதவீதம்தான்! அதுவும் ஓர் இயந்திரத்தின் கணக்கே. வெல்டிங் ரோபோ வேகமாக முடித்துக் கொடுத்து, அடுத்த மேஜையில் பாகங்கள் மலையாகக் குவிந்தால், வாசலைத் தாண்டிப் போகும் சரக்கு ஒன்றுகூட அதிகமாகாது. 2018இல் எலான் மஸ்க்கே தம் டெஸ்லா ஆலையில் தானியக்கம் அளவுமீறிப் போனது தவறு என்று ஒப்புக்கொண்டார். பணத்துக்கா அவருக்குப் பஞ்சம்!

ஆகவே போட்டியாளரோடு ஒப்பிடுவதானால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொருள், ஒரே அளவு முதலீடு, ஒரே அளவு ஆள்நேரம் என்று வைத்துக்கொண்டு, நல்ல பொருள் எவ்வளவு வெளியே போனது என்று பாருங்கள். அந்த 8 ரோபோக்காரர் உங்களை முந்தியிருக்கவும் கூடும்.

கேள்வி: போட்ட பணம் எப்போது திரும்பும்?

பதில்: ரோபோவின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் சீக்கிரமே திரும்பும், காகிதத்தில். பாகத்தைப் பற்றும் பிடிப்பான், பாதுகாப்பு வேலி, கன்வேயர், நிரல் எழுதும் கூலி எல்லாம் சேர்ந்தால் பல இடங்களில் ரோபோவின் விலையையே தாண்டிவிடும். அதோடு, பொருளின் வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும் ரோபோவுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அதற்கும் காசு உண்டு.