வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பாவில் எடுக்கும் காருக்கு அமெரிக்காவில் பேரம்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வால்வோ எக்ஸ்சி90 வாங்க முடிவு செய்துள்ளேன். ஸ்வீடனுக்கே சென்று காரை எடுத்து, குடும்பத்துடன் சில நாள்கள் ஐரோப்பாவில் ஓட்டிவிட்டு, பிறகு கப்பலில் இங்கே வரவழைக்க எண்ணம். "விமானச் சீட்டு, ஓட்டல் அறை, கப்பல் செலவு எல்லாவற்றையும் நிறுவனம் தருகிறது, ஆகவே விலையில் ஒரு டாலர்கூடக் குறைக்க முடியாது" என்கிறார் டீலர். அவர் சொல்வது சரியா? காரை எடுக்கப்போகும் ஸ்வீடன் நகரமான கோத்தன்பர்க்கில் நேரில் பேசினால் குறையுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோத்தன்பர்க்கில் உங்களுடன் விலை பேச யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் ஒப்பந்தம் அமெரிக்க டீலருடன்தான். பணம் முழுவதையும் புறப்படுவதற்கு முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். அங்கே சாவியும் ஆவணங்களும் மட்டுமே கைமாறும். ஸ்வீடனில் உள்ள ஒரு கடையில் நேரடியாக வாங்கிக் கொண்டுவந்துவிடலாம் என்ற யோசனையும் செல்லாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்படாத காரை, அது 25 ஆண்டு பழையதாகும் வரை, தனி நபர் இங்கே கொண்டுவந்து பதிவுசெய்வது ஏறக்குறைய இயலாத காரியம். ஐரோப்பாவில் நேரில் காரை எடுக்கும் இந்த நிறுவனத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது, அமெரிக்க விதிகளுக்கு ஏற்பவே தயாரிக்கப்பட்டு, அமெரிக்க டீலர் வழியாக விற்கப்படும் கார். ஆகவே பேரம் முழுவதும் உங்கள் ஊரில், ஆர்டரில் கையெழுத்திடுவதற்கு முன் முடிந்தாக வேண்டும்.

இனி டீலரின் வாதத்துக்கு வருவோம். அவர் இரண்டு கணக்குகளை ஒன்றாகக் கலக்கிறார். விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் உற்பத்தி நிறுவனம் தன் திட்டத்தின் பகுதியாகத் தருபவை. நீங்கள் பேரம் பேசுவது அதைப் பற்றி அல்ல. கார்க் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் அச்சிட்ட பட்டியல் விலைக்கும், டீலர் நிறுவனத்துக்குக் கட்டும் இன்வாய்ஸ் விலைக்கும் இடையே உள்ள தொகையைப் பற்றி. அந்தத் தொகை டீலருடையது; அதில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது என்பதும் அவருடைய முடிவே. "நிறுவனம் தருகிறது, அதனால் நான் தர இயலாது" என்ற பேச்சில் காரண காரிய உறவு எதுவும் இல்லை.

உங்கள் பக்கம் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. ஷோரூம் வாசலில் நிற்கும் ஒவ்வொரு காரையும் டீலர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருக்கிறார். கார் விற்காமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. உங்கள் கார் அங்கே ஒரு நாள்கூட விற்பனைக்காக நிற்கப்போவதில்லை. வாங்குபவர் யார் என்று தெரிந்த பிறகே அது தயாராகிறது. இதைப் பணிவாக, ஆனால் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: மாதக்கணக்கில் காத்திருந்து, கூடுதல் ஆவண வேலைகளைச் செய்துதான் அவர் தன் லாபத்தைப் பார்க்கிறார். இன்வாய்ஸ் விலையிலிருந்து தொடங்கி, அவருக்கு ஒரு நியாயமான தொகையைச் சேர்த்துப் பேசுவதே இருவருக்கும் மதிப்பான வழி என்பது என் கருத்து. ஸ்டிக்கர் விலையிலிருந்து கீழே இறங்க முயல்பவர், டீலர் கோடு போட்ட களத்தில் ஆடுகிறார்.

ஒரே டீலருடன் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மாடல், நிறம், கூடுதல் வசதிகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி, பென்சில்வேனியா, நியூ யார்க் உட்பட நான்கைந்து டீலர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரின் விலை, போக்குவரத்துக் கட்டணம், ஆவணக் கட்டணம், வரி, பதிவு ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகக் கேளுங்கள். பழைய காரைக் கொடுத்து மாற்றுவதையும் கடன் வட்டியையும் இந்தப் பேச்சில் கலக்கவே கூடாது. ஓரிடத்தில் விட்டதை இன்னோரிடத்தில் பிடிப்பது விற்பனைத் தொழிலின் பழைய வித்தை. தரைவிரிப்பு, மெழுகுப் பூச்சு போன்ற இலவசங்களைவிட விலைக் குறைப்பையே கேளுங்கள். நியூ ஜெர்சியில் விற்பனை வரி 6.625 விழுக்காடு என்பதால், விலையில் குறையும் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் வரியில் மேலும் 66 டாலர் மிஞ்சும்.

இன்னொன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும், அதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன். ஆர்டருக்கும் கார் கைக்கு வருவதற்கும் இடையே சில மாதங்கள் ஓடிவிடும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா, முன்பிருந்த 2.5 விழுக்காட்டுக்கு மேல் 25 விழுக்காடு கூடுதல் சுங்க வரியை வெளிநாட்டுக் கார்கள் மீது விதித்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அங்கிருந்து வரும் கார்களுக்கு அது மொத்தம் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் இவ்வளவு ஏற்ற இறக்கம். ஆகவே வரி மாறினாலும் பேசிய விலை மாறாது என்றும், இடையில் நிறுவனம் புதிய தள்ளுபடி அறிவித்தால் அது உங்களுக்கும் பொருந்தும் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பிஎம்டபிள்யூ எக்ஸ்5 காரை மியூனிக்கில் எடுத்தால் விலை குறையும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான அந்தத் திட்டத்தை பிஎம்டபிள்யூ 2020-இல் நிறுத்திவிட்டது. அது நடந்த காலத்திலும் எக்ஸ்5-க்கு அது கிடையாது. ஏனெனில் அந்த மாடல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் ஆலையில் தயாராகிறது. மற்ற மாடல்களுக்கு அன்று பட்டியல் விலையிலேயே சில விழுக்காடு குறைவு இருந்தது. நண்பர் மனத்தில் இருப்பது அந்தக் காலத்து நினைவாக இருக்கலாம். எந்த நிறுவனமானாலும், நீங்கள் விரும்பும் மாடல் எந்த ஆலையில் தயாராகிறது என்பதை முதலில் கேளுங்கள். அடுத்து, திட்டத்தில் விலைச் சலுகை உண்டா அல்லது நேரில் எடுக்கும் அனுபவத்துக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். இரண்டு வகையும் இருந்திருக்கின்றன.

கேள்வி: விலை பேசி முடித்த பிறகு எதிர்பாராத செலவுகள் வருமா?

பதில்: வரும், ஆனால் முன்கூட்டியே கேட்டால் அவற்றில் பெரும்பாலானவை எதிர்பார்த்த செலவுகளாகிவிடும். ஸ்வீடனில் மதிப்புக் கூட்டு வரி 25 விழுக்காடு, ஜெர்மனியில் 19. கார் ஏற்றுமதியாவதால் அது உங்களுக்கு வராது, ஆனால் குறித்த காலத்துக்குள் காரை வெளியேற்ற வேண்டும். கப்பலில் ஏற்றிய கார் வீடு வரப் பல வாரங்கள் ஆகும். கடன் வாங்கியிருந்தால், கார் கடலில் இருக்கும் நாள்களுக்கும் நீங்களே தவணை கட்டுகிறீர்கள். முதல் தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கடன் தருபவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ஓட்டும் நாள்களுக்குக் காப்பீடு எத்தனை நாள், எந்தெந்த நாடுகளுக்குச் செல்லும், வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, காரை வேறு நகரத்தில் ஒப்படைத்தால் எவ்வளவு கூடுதல் ஆகிய நான்கையும் டீலரிடம் எழுதி வாங்குங்கள். கப்பலுக்கு ஒப்படைக்கும் முன் அடிப்பாகம் உட்பட நன்றாகக் கழுவிவிடுங்கள், சேறு ஒட்டியிருந்தால் அமெரிக்கத் துறைமுகத்தில் வேளாண் சோதனைக்காக நிறுத்தப்படலாம். பிறகு நான்கு பக்கமும் படம் எடுத்து, கீறல் ஏதும் இல்லை என்று ஒப்படைப்புத் தாளில் குறிக்கச் செய்து, ஒரு பிரதியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.