லத்தீன் பழமொழிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க நல்ல ஆள் எங்கே கிடைப்பார்?

ஐம்பது லத்தீன் சொலவடைகள் கையில் இருக்கின்றன, பிரெஞ்சில் வேண்டும், எந்த ஏஜென்சியிடம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஜென்சியே வேண்டாம். பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பழைய வக்கீலின் குறிப்பேட்டைப் பிரெஞ்சாக்கிக்கொண்டிருந்தேன், மனிதர் பக்கத்துக்கு ஒரு லத்தீன் வரி எழுதி வைத்திருந்தார். என் லத்தீன் அரைகுறை, அதனால் அந்த வரிகளை மட்டும் ஒரு நிறுவனத்திடம் தள்ளிவிட்டேன். 'லூப்புஸ் இன் ஃபாபுலா' என்பதற்கு 'கதையில் வரும் ஓநாய்' என்று சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்பினார்கள். ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றால் சொல்வது அது, நாம் "உனக்கு நூறு வயசு" என்போமே, அந்த இடம். பிரெஞ்சிலும் அதற்கு ஓநாய்தான்! 'கான் ஓன் பார்ல் து லூ', அதாவது ஓநாயைப் பற்றிப் பேசினால்... வால் தெரியும் என்ற மிச்சத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதுகூட இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைக் கோட்டைவிட்டார்கள்.

பிரபலமானவற்றுக்கெல்லாம் பிரெஞ்சில் இப்படி நிலைத்துப்போன வடிவம் இருக்கும், தேடி எடுத்தால் போதும். பழைய புத்தகக் கடையில் ஒரு பெத்தி லாரூஸ் அகராதி வாங்குங்கள், நடுவில் ரோஜா நிறப் பக்கங்கள் இருக்கும், அவை முழுக்க இந்தச் சமாசாரம்தான். அதில் இல்லாததற்கு காஃபியோவின் லத்தீன்-பிரெஞ்சு அகராதி, 1934இல் வந்தது, இணையத்தில் இலவசம். ஒரு சொல்லை எந்த ஆசிரியர் எங்கே கையாண்டார் என்று மேற்கோளோடு காட்டும்.

சரி, அப்படியும் மிஞ்சுவதற்குத்தான் ஆள். பிரான்ஸில் 'லெத்ர் கிளாசிக்' படித்தவர்களைப் பிடியுங்கள், பள்ளியில் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு மூன்றும் நடத்துபவர்கள். லத்தீனிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவருவதை 'வெர்ஸியோன்' என்பார்கள், காலமெல்லாம் அதைத் திருத்தித் திருத்தியே கை பழகியிருக்கும். பல்கலைக்கழகத் துறைக்கு ஒரு மெயில் போட்டால் வழிகாட்டுவார்கள். நீதிமன்றத்தில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் இதற்குத் தேவையே இல்லை, அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி விஷயங்களுக்கு.

ஆளைச் சோதிக்க 'ஆசினுஸ் ஆசினும் ஃப்ரிகாத்' கொடுத்துப் பாருங்கள். கழுதை கழுதையைத் தேய்க்கிறது, ஒருவரை ஒருவர் புகழ்ந்து தள்ளும் இரண்டு பேரைக் கிண்டலடிப்பது. உடனே பிரெஞ்சுக் கழுதையை அனுப்பிவிடுகிறவரைவிட, "இது எந்த இடத்தில் வருகிறது?" என்று திருப்பிக் கேட்பவரை நம்பலாம்.

சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசாதீர்கள், மூன்று சொல்லுக்கு அரை மணி நேரம் மண்டையை உடைக்க வேண்டியிருக்கும், மொத்தமாகப் பேசுங்கள். அப்புறம், வெறும் பட்டியலாக அனுப்பாமல் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். கடைசியில் எனக்குச் செய்துகொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்த இரண்டு வரி இல்லாத நான்கைத் தொடவே இல்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.