ரிங்கோவின் கையில் டாம்பரின்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சின்ன இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் முதல் பாட்டு போன மாதம் யூடியூபில் வெளியானது. கேட்டுப் பார்த்தால் அதில் என் வாசிப்பே இல்லை. ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் தாளம் போட்டு மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீட்டில்ஸ் குழு தன் பழைய டிரம்மர் பீட் பெஸ்ட்டைத் துரத்திய மாதிரி என்னையும் துரத்தப் பார்க்கிறார்கள். அவர்களுடைய முதல் இசைத்தட்டான ‘லவ் மீ டூ’வையே மேனேஜர் பத்தாயிரம் பிரதி வாங்கித்தான் ஓட்டினாராமே? திறமைக்கு எங்கே மதிப்பு? குழுவை விட்டு விலகிவிடலாமா?

த., திண்டுக்கல்

அன்புள்ள த.,

பத்தாயிரம் பிரதிக் கதையை விடுங்கள். அந்த மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனே அதை மறுத்திருக்கிறார். அப்படியே வாங்கியிருந்தாலும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு 17ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. நல்ல வியாபாரி செய்கிற செலவா அது? திறமைக்கு எங்கே மதிப்பு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்கிற யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை.

ஆனால் பீட் பெஸ்ட்டை இழுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வந்தது. உங்களுக்கு நடந்தது பெஸ்ட்டுக்கு நடந்தது அல்ல, அவருக்குப் பின் வந்த டிரம்மர் ரிங்கோவுக்கு நடந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவருக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?

1962 ஜூன் 6 அன்று லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பெஸ்ட் வாசிக்க ‘லவ் மீ டூ’வைப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் திருப்தியாக இல்லை. ஆகஸ்ட் நடுவில் குழு பெஸ்ட்டை அனுப்பிவிட்டு ரிங்கோவைச் சேர்த்துக்கொண்டது. செப்டம்பர் 4 அன்று ரிங்கோ வாசித்தார். வேறொருவர் எழுதிய பாட்டை முதல் தட்டாக்கலாம் என்று மார்ட்டின் நினைத்திருக்க, பையன்கள் எங்கள் பாட்டுதான் வேண்டும் என்று நின்ற நாளும் அதுதான். அதற்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11, அதே பாட்டை மறுபடி பதிய ரிங்கோ ஸ்டூடியோவுக்குள் வந்தால் டிரம்ஸ் வாசிக்க ஆண்டி வைட் வந்திருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், பதிவுக்குப் பதிவு கூலி வாங்கி வாசிக்கிற தேர்ந்த கை. ரிங்கோவுக்குக் கொடுத்தது ஒரு டாம்பரின், கையில் தட்டுகிற சலங்கை வளையம். எனக்கும் பெஸ்ட்டின் கதிதான் என்று அவரும் நினைத்தாராம், உங்களைப் போலவே.

நினைத்துவிட்டு என்ன செய்தார்? டாம்பரினைத் தட்டினார்.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன். அக்டோபர் 5 அன்று வந்த முதல் தட்டில் இருப்பது ரிங்கோவின் டிரம்ஸ். அடுத்த ஆண்டு ஆல்பத்தில் வந்தது வைட் வாசித்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எளிய வழி இதுதான்: டாம்பரின் சத்தம் கேட்டால் டிரம்ஸ் ரிங்கோ அல்ல. அதாவது, அவர் டிரம்ஸ் வாசிக்கவில்லை என்பதற்குச் சாட்சி அவரே தட்டிய அந்தச் சலசலப்புதான். ரிங்கோ டிரம்ஸ் வாசித்த பதிவின் மூல நாடா பின்னாளில் இல்லாமல் போய், பழைய தட்டிலிருந்து ஒலியை எடுத்துத்தான் மறுபடி வெளியிட்டார்கள். மார்ட்டின் பிறகு ரிங்கோவிடம் மன்னிப்புக் கேட்டார். அதெல்லாம் பின்கதை. எனக்கு வேண்டியது அந்த ஒரு நாள்தான்.

ஏன் என்றால் எனக்கும் ஒன்று நடந்தது. 1986, திருநெல்வேலிப் பக்கம் ஓர் அம்மன் கொடை. நான் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரிபிள் காங்கோ, கையால் தட்டுகிற மூன்று மேளம். மேடையேற அரை மணி நேரம் இருக்கும்போது மதுரையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். குழு நடத்திய அண்ணன் ஆட்டினால் சலசலக்கிற ஒரு ஜோடி மராக்காஸை என் கையில் திணித்து, “தம்பி, இன்னைக்கு இத ஆட்டிக்கோ, கோவிச்சுக்கிடாத” என்றார். மஞ்சள் பிளாஸ்டிக். ஒன்றில் விரிசல் விட்டு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. நான் பந்தலுக்குப் பின்பக்கமாக நடந்து கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். பாதி வழியில்தான் பார்த்தேன், மராக்காஸ் பையோடு வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கவில்லை. அதன்பிறகு காங்கோவைத் தொடவும் இல்லை. ரொம்ப நாளைக்கு அதை ரோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த மதுரைக்காரர் எப்படி வாசித்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. பத்தடி தூரத்தில் நின்று ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டிருக்கலாம்.

உங்களைக் கேட்காமல் மாற்றியது தப்பு. அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? விலகுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் தாளத்தைப் பத்துத் தடவை கேளுங்கள். உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறதா? கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான், தம்பி.

இன்னொன்று. அந்தத் தட்டின் மறுபக்கம் ‘பி.எஸ். ஐ லவ் யூ’. அதிலும் டிரம்ஸ் வைட்தான். ரிங்கோவுக்கு அதில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? மராக்காஸ். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஓர் இடத்திலாவது எரிச்சலில் ஓங்கி ஆட்டியிருப்பாரா என்று நான் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.